சஹனில் ஆறாவது ஆள்

டொக்டர் யதுர்சிகா என் வலது கன்னத்தில், காதுக்கு முன்னாலிருந்து தாடை வரைக்கும், பஞ்சால் அயடின் பூசினார். அது காய்ந்த பிறகு ஒரு சின்னத் தூரிகையைக் கோர்ன் மாவில் தொட்டு மேலே தட்டிவிட்டார். கஸ்டர்ட் காய்ச்ச எங்கள் வீட்டில் வாங்கும் அதே மாவுதான். பக்கத்துக் கதிரையில் இருந்த என் மனைவி நசீறா, ஐம்பது வயதில் புருஷனுக்கு மேக்கப் நடக்கிற அழகைப் பார்த்து, வந்த சிரிப்பை ஹிஜாப் நுனியால் மறைத்துக்கொண்டாள். டொக்டர் ஒரு சின்னத் தட்டில் உப்புத் தூவிய பாதித் தேசிக்காயை வைத்து நீட்டினார்.

“வெக்கப்படாமச் சாப்பிடுங்கோ ஐயா. வேர்த்தாத்தான் எனக்கு இடம் தெரியும்.”

வேர்த்தால் நல்லது என்று ஒருவர் என்னிடம் சொன்னது ஆறு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. கடித்தேன். அரை நிமிடம் ஆகவில்லை, காதடியில் மாவின் மேல் ஒரு புள்ளி நீலமாகக் கறுத்தது. பக்கத்தில் இன்னொன்று. புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கீழே இறங்க, டொக்டர் ஒரு கண்ணாடியை என் கையில் தந்தார். கன்னத்தில் உள்ளங்கை அளவுக்குக் கறுப்பு. மற்றக் கன்னமும் நெற்றியும் சும்மா இருந்தன. வேர்வை பட்ட இடத்தில் மட்டும் அயடினும் மாவும் சேர்ந்து இப்படிக் கறுக்கும் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போகிற நரம்பு எப்போதோ அறுந்திருக்கிறது, திரும்ப வளரும்போது வழி மாறிப் போய் வேர்வைச் சுரப்பியைப் பிடித்துக்கொண்டது, அதனால் வாய் ஊற வேண்டிய நேரத்தில் கன்னம் வேர்க்கிறது என்றார். இந்த இடத்தில் முன்பு ஒப்பரேஷன், வெட்டுக்காயம் ஏதாவது நடந்ததா என்று கேட்டார்.

நான் நசீறாவைப் பார்த்தேன். அவள் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தாள். “அடி” என்றேன். யார் அடித்தது என்று டொக்டர் கேட்டிருந்தால் பெயர், வயது, வாப்பாவின் பெயர், வீட்டு இலக்கம் எல்லாம் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. ‘பழைய காயம்’ என்று என் கிளினிக் கடுதாசியில் எழுதினார்.

வைத்தியம் இருக்கிறதாம். கறுத்த இடம் முழுக்கச் சதுரம் சதுரமாகக் கோடு போட்டு, மெல்லிய ஊசியால் ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு துளி மருந்து போடுவார்கள். ஒரு வாரம், பத்து நாளில் கன்னம் காயும். ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருஷத்துக்கும் மேலே அப்படியே இருக்கும், திரும்ப வந்தால் திரும்பப் போடலாம். பூசுகிற மருந்தும் ஒன்று இருக்கிறது, ஆனால் இங்கே எடுப்பது கஷ்டம். வருகிற வியாழக்கிழமை வந்தால் ஊசியைப் போட்டுவிடலாம் என்றார். நசீறாவின் முகம் மலர்ந்துவிட்டது. அவளுடைய காக்காவின், அண்ணனின், மகள் றிஸ்மினாவின் கலியாணத்துக்கு இருபத்தாறு நாள் இருந்தது. அதற்குள் கன்னம் காய்ந்துவிடும், நான் மற்றவர்களோடு சேர்ந்திருந்து சாப்பிடலாம் என்று மன்னாரிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறும்போதே அவள் விரல் மடித்து எண்ணி வைத்திருந்தாள். அன்று காலை வரைக்கும் என்னுடைய எண்ணமும் அதுதான்.

“கலியாணம் முடியட்டும் டொக்டர். அதுக்குப் பிறகு வாறன்,” என்றேன்.

நசீறா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை விளங்கிக்கொள்ள வேண்டுமென்றால் அவளுடைய மூத்த காக்கா, றிஸ்மினாவின் வாப்பா, அப்துல் றசாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனைப் பற்றி நல்ல வார்த்தையில் சொல்ல எனக்கு வராது. முயற்சி செய்கிறேன்.

தொண்ணூறில் இயக்கம் சொல்லி வடக்கிலிருந்து எங்கள் முஸ்லிம் சனம் முழுவதும் வெளியேறியபோது நசீறாவுக்குப் பத்து வயது, அவனுக்கு இருபது. நான் தீவுக்கு வெளியே, முசலிப் பக்கத்து ஆள். நசீறாவைக் கலியாணம் முடித்தது புத்தளத்தில், அகதி முகாமில். இருபது வருஷத்துக்குப் பிறகு மன்னார்த் தீவுக்குத் திரும்பி வந்து பார்த்தால், அவர்களுடைய வாப்பாவின் வளவில் வீடும் இல்லை, வேலியும் இல்லை. உடைமரக் காடும் அதற்குள் தூர்ந்துபோன ஒரு கிணறும்தான் மிச்சம். வளவில் ஒரு பாதி நசீறாவுக்கு, மறு பாதி றசாக்குக்கு என்று வாப்பா இருந்த காலத்திலேயே வேலி போட்டுப் பிரித்து வைத்திருந்தாராம். அந்த வேலி கிணற்றுக்கு எந்தப் பக்கத்தால் போனது, கிணறு யாருக்கு என்பதுதான் பிரச்சினை. தீவில் உப்புக் கரிக்காத ஒரு கிணறு என்றால் அதன் பெறுமதி தீவில் குடியிருந்தவர்களுக்குத் தெரியும். கிணற்றைத் தூர்வாரிச் சில வருஷம் இரண்டு வீடும் சேர்ந்தே அள்ளினோம். பிறகு வாளியில் தொடங்கியது, கயிற்றில் வளர்ந்தது, கடைசியில் ஒரு நாள் காலையில் நான் கிணற்றை எங்கள் பக்கம் சேர்த்துக் கட்டை நட்டேன். அவன் வந்து பிடுங்கினான். பறிக்கப் போனேன். அதே கட்டையால் என் கன்னத்தில் அடித்தான். கட்டையில் பழைய ஆணி ஒன்று இருந்தது. பதினான்கு தையல்.

பொலிசில் முறைப்பாடு கொடுத்தேன். பள்ளிவாசல் நிர்வாகத்தார் கூப்பிட்டு, மச்சான்மார் கோட்டுப் படி ஏறுவது ஊருக்கு வெட்கம், முறைப்பாட்டை எடுங்கள், வேலி விஷயத்தை நாங்கள் பார்க்கிறோம் என்றார்கள். எடுத்தேன். வேலி எங்கே இருந்தது என்று கேட்டார்கள். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, கட்டுப் போட்ட முகத்தோடு, கிணறு எங்கள் பக்கம்தான் என்று வல்லாஹி சொல்லிச் சத்தியம் பண்ணினேன். அல்லாஹ்வின் பெயரில் சத்தியம் வந்த பிறகு பேசுவதற்கு ஒன்றுமில்லை. கிணறு எங்களுக்கு வந்தது.

எட்டு மாதம் கழித்து, ஒரு கந்தூரிச் சாப்பாட்டில் எங்கள் இருவரையும் ஒரே சஹனில் இருத்தினார்கள். எங்கள் ஆட்களின் விருந்தில் ஆளுக்கொரு கோப்பை கிடையாது. ஒரு பெரிய தட்டில் சோற்றைக் குவித்து இறைச்சியும் கறியும் வைத்து, ஆறு பேர் பாயில் சுற்றியிருந்து கையால் சாப்பிடுவோம். அதுதான் சஹன். கோபக்காரர்களைச் சேர்த்து வைப்பதும் அதில்தான். ஒரே சோற்றில் கை வைத்தவர்கள் பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு போக முடியாது என்று ஒரு நம்பிக்கை. நானும் அன்று உண்மையிலேயே கோபத்தை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போனேன். மூன்றாவது பிடி சோற்றை வாயில் வைத்ததும் கன்னம் ஊற்றத் தொடங்கியது. அதற்கு முதல் வீட்டில் சாப்பிடும்போது லேசாக ஈரமானது உண்டு, குசினி வெக்கை என்று நினைத்திருந்தேன். இது அப்படி இல்லை. தாடையால் இறங்கிச் சோற்றில் சொட்டியது. துடைக்க லேஞ்சியை எடுப்பதற்குள் நாலைந்து துளி விழுந்துவிட்டது. றசாக் கையை உதறிக்கொண்டு எழும்பினான்.

“பொய்ச் சத்தியம் பண்ணினவனுக்குச் சோறு இறங்காது. வேர்க்கிறதப் பாருங்கோ. ஒரு பக்கம் மட்டும் வேர்க்குது.”

கத்தவில்லை. கை கழுவிக்கொண்டே, தண்ணீரைப் பற்றிப் பேசுவதுபோலச் சொன்னான். முந்நூறு பேருக்கும் கேட்டது. ஒரு பக்கம் மட்டும் வேர்ப்பதைத்தான் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அது அவனுடைய கட்டை பட்ட பக்கம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை என்பதுதான் இன்றைக்கும் வயிறு எரிகிற சங்கதி.

பள்ளிமுனைக்குப் போகிற ரோட்டில் எனக்கு ஒரு கடை இருக்கிறது. படகு என்ஜின் திருத்துகிற வேலை. கை சுத்தமென்று மூன்று ஊர்க் கடற்கரையிலும் பேர். அந்தப் பேர் வேலைக்கு இருந்தது, வாய்க்கு இல்லாமல் போனது. என்ஜினைப் பூட்டிக் கொடுத்து, “வல்லாஹி, இனி நடுக்கடலில நிக்காது” என்று வாய் தவறிச் சொன்னால் எங்கள் ஊர்ப் பொடியன்கள் என் கன்னத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். முன்பெல்லாம் ஊரில் நிக்காஹ் நடந்தால் சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிடுவார்கள். ஆறு வருஷமாக ஒருவரும் கூப்பிடவில்லை. மையித்து எடுக்கிற வீட்டில், பிள்ளைக்குக் கத்னா வைக்கிற வீட்டில், எங்கே போனாலும் எனக்கு மட்டும் ஒரு தனிக் கோப்பை மூலைக்கு வந்துவிடும். கொஞ்ச நாளில் நானே போகாமல் விட்டுவிட்டேன்.

செய்யாத வைத்தியம் இல்லை. ஓதிய தண்ணீர் குடித்தேன், தாயத்துக் கட்டினேன். நசீறா பவுடர் போட்டுவிட்டாள், அது சாப்பாட்டின் நடுவில் களியாகிச் சட்டைக் கொலரில் வழிந்தது. பகல் சாப்பாட்டைக் கடைக்குப் பின்னால், ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டேன். என்ஜின் திருத்த வருகிற பள்ளிமுனை மரியதாசன் ஒருவன்தான் அந்த நேரத்திலும் தன் சோற்றுப் பாசலை அவிழ்த்துக்கொண்டு பக்கத்தில் வந்து இருப்பான். ஒரு தரம் ஒரு கடதாசியில் மடு மாதா கோவில் மண் கட்டிக் கொண்டுவந்து தந்து, பாம்புக் கடிக்கே கேட்கும், இதுக்குக் கேட்காதோ என்றான். சரி என்று அதையும் பூசிப் பார்த்தேன், வீட்டில் சொல்லவில்லை. கடைசியில் தாதியாக இருக்கிற அவனுடைய மகள் ஜெனிஸ்ராதான், இது ஒரு வருத்தம், பேர் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் காட்டுங்கள் என்று டொக்டரின் நம்பரைத் தந்தாள்.

அதே கிழமையில்தான் றசாக் கலியாணம் சொல்ல வந்தான். ஆறு வருஷத்துக்குப் பிறகு எங்கள் வாசலை மிதிக்கிறான். நசீறா அழுதாள், பிளேன்டீ போட்டாள், திரும்ப அழுதாள். மாப்பிள்ளை பகுதி கற்பிட்டி ஆட்கள், நல்ல குடும்பம் என்றான். தங்கச்சியும் மச்சானும் முன்னுக்கு நிற்க வேண்டும் என்றான். நான் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். செருப்பைப் போடும்போது, என்னைப் பார்க்காமல், பெரிய உபகாரம் செய்கிறவன் மாதிரி ஒன்று சொன்னான்.

“உங்களுக்கு வேறயா ஒரு கோப்பை வைக்கச் சொல்லுறன் மச்சான். உங்களுக்கும் சங்கடமில்ல, வாற ஆக்களுக்கும் சங்கடமில்ல.”

அவன் வீட்டுக் கலியாணத்தில், அவன் அடித்த அடிக்கு, எனக்குத் தனிக் கோப்பை. சங்கடமில்லை என்றேன். அவன் போன பிறகு ஜெனிஸ்ரா தந்த நம்பருக்கு எடுத்தேன். அப்போது நினைத்ததெல்லாம் கன்னத்தைக் காயவைத்துக்கொண்டு போய் அவன் முன்னால் நிமிர்ந்திருந்து சாப்பிட வேண்டும் என்றுதான். ஆனால் கண்ணாடியில் அந்தக் கறுப்பைக் கண்ட பிறகு அது எனக்குப் போதாமல் போய்விட்டது. காய்ந்த கன்னத்தோடு போனால் என்ன சொல்வார்கள்? தவ்பாச் செய்தான், அல்லாஹ் மன்னித்துவிட்டான் என்பார்கள். பொய்யன் திருந்தியதாக முடியும். றசாக் அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்வான். எனக்கு மன்னிப்பு வேண்டாம். வேர்க்க வேண்டும், அவன் சஹனில், அவனுடைய புதுச் சம்பந்திக்கு முன்னால் வேர்க்க வேண்டும். ஏன் வேர்க்கிறது என்று அந்த வெளியூர் மனிதர் கேட்க வேண்டும். நான் சொல்ல வேண்டும்.

இதை நான் பஸ்ஸில் நசீறாவுக்குச் சொன்னேன். பூநகரி தாண்டி, வெயில் யன்னலுக்குள் சரிந்திருந்த நேரம். முன்சீட்டில் ஆட்கள் இருந்ததால் குரலை எழுப்பாமல் சண்டை பிடித்தோம். பிள்ளையின் கலியாணத்தில் இதைச் செய்யாதீர்கள், றிஸ்மினா உங்களுக்கு என்ன செய்தாள் என்று அவள் கேட்டாள். றிஸ்மினாவுக்கு ஒன்றும் ஆகாது, நிக்காஹ் முடிந்த பிறகுதானே சாப்பாடு என்றேன். அவளுடைய காக்கா என்னைப் பொய்ச் சத்தியக்காரன் ஆக்கினதை அவள் மறந்தாலும் நான் மறக்க மாட்டேன் என்றேன். மன்னார்ப் பாலத்தில் பஸ் ஏறும்போதுதான் அவள், இரண்டு பக்கமும் வற்றிக் கிடந்த கடலைப் பார்த்தபடி சொன்னாள்.

“நீங்க அந்த வேலியக் கண்டீங்களா?”

நான் முன்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“நான் பத்து வயசில கண்டது. கிணறு எங்கட பக்கம் எண்டுதான் நெனைக்கிறன் எண்டு உங்களுக்குச் சொன்னனான். நெனைக்கிறன் எண்டுதான் சொன்னனான். வல்லாஹி எண்டது நீங்க.”

இந்த ஆறு வருஷமும் ஒரே பாயில் படுத்தவள், ஒரு நாளும் இதைச் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று பிரித்துப் பார்க்கிற நிலையில் நான் இல்லை. வீட்டுக்கு வந்ததும் கிணற்றடிக்குப் போய் நின்றேன். வேலி இந்தப் பக்கத்தால் போயிருந்தால் எப்படி இருக்கும், அந்தப் பக்கத்தால் போயிருந்தால் எப்படி இருக்கும் என்று நடந்து பார்த்தேன். இரண்டுமே சரியாகத்தான் இருந்தன. அவள் அன்று நினைக்கிறேன் என்றாளா, தெரியும் என்றாளா? எனக்கு ஞாபகம் இருப்பது என் கன்னத்தில் இருந்த கட்டும், பள்ளியில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த றசாக்கின் முகமும்தான். அந்த முகத்துக்கு முன்னால் எனக்குத் தெரியாது என்று சொல்ல என்னால் முடியவில்லை. சத்தியம் சரியோ பிழையோ, அடி அடிதான், நரம்பு நரம்புதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டு கால் கழுவினேன்.

அடுத்த மூன்று கிழமையும் நான் படித்த படிப்பை வேறு யாரும் படித்திருக்க மாட்டார்கள். எதைச் சாப்பிட்டால் எவ்வளவு வேர்க்கிறது என்று கடைக்குப் பின்னால் இருந்து சோதித்துப் பார்த்தேன். பாணுக்கு லேசான ஈரம். மீன் சொதிக்குக் காதடி மட்டும். அன்னாசிக்கு நல்ல வரவு, ஆனால் சீக்கிரம் நின்றுவிடும். மாங்காய் அச்சாறு தாடை வரைக்கும் இறக்கியது. தேசிக்காய் ஊறுகாய் எல்லாவற்றையும் வென்றது. வாயில் வைத்து இருபது எண்ணுவதற்குள் தொடங்கும், வாயில் இருக்கும்வரை நிற்காது. மரியதாசன் இரண்டு நாள் பார்த்துவிட்டு, நானா என்று அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டு, ஊசி போடுற ஆள் எதுக்கு இதெல்லாம் தின்னுறீங்கள் என்று கேட்டான். நான் விஷயத்தைச் சொன்னேன். அவன் தன் பாசலை மடித்துக் கட்டிக்கொண்டு, கலியாணச் சோத்தில செய்யிற வேலையில்லை இது என்று சொல்லிவிட்டுப் போனான். என்ஜினை எடுக்கவும் மகளைத்தான் அனுப்பினான்.

வீட்டில் நசீறா ஊறுகாய்ப் போத்தலை ஒளித்து வைத்தாள். அலுமாரியில் சீலைகளுக்குப் பின்னால் கண்டுபிடித்தேன். காக்கா வீட்டுக்குப் பலகாரம் சுடப் போகிறேன் என்று தினமும் போய் வந்தாள். எனக்கு அது வசதியாக இருந்தது. சொல்ல வேண்டிய வசனத்தைச் சவரக் கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். ‘இது உங்கட சம்பந்தி அடிச்ச அடி. வேலிக் கட்டையால அடிச்சது. டொக்டரிட கடுதாசி இருக்கு.’ அவ்வளவுதான். கோபமாகச் சொல்லக்கூடாது, கை கழுவிக்கொண்டே சொல்வதுபோலச் சொல்ல வேண்டும். அவன் சொன்ன மாதிரியே. அப்போது அவன் முகம் எப்படி இருக்கும் என்று நினைக்க நினைக்க எனக்குப் பசி எடுத்தது. பொய் சொல்லவில்லை, ஆறு வருஷத்தில் நான் சந்தோஷமாக இருந்த மூன்று கிழமை அதுதான்.

கலியாண நாளன்று லுஹர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ் முடிந்தது. பந்தலில் பாய் விரித்து, வெள்ளை விரிப்புப் போட்டு, சஹன்களை வைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கான தனிக் கோப்பை மூலையில் ஒரு மேசைமேல் மூடி வைக்கப்பட்டிருந்தது. நான் அதன் பக்கமே போகவில்லை. முதல் சஹனுக்குப் பக்கத்தில் போய், வேலை பார்க்கிறவன் மாதிரி நின்றேன். மாப்பிள்ளையின் தகப்பன், அவருடைய தம்பி, மௌலவி, பள்ளித் தலைவர், றசாக் என்று ஐந்து பேர் இருந்தார்கள். ஆறாவது இடம் காலியாக இருந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் நல்ல மனிதர். நிற்கிற என்னைப் பார்த்து, இவர் யார் என்று றசாக்கைக் கேட்டார். என் தங்கச்சி மாப்பிள்ளை என்று அவன் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அப்படியென்றால் ஏன் நிற்கிறீர்கள் என்று அவர் என் கையைப் பிடித்து இழுத்து இருத்தினார். அந்த இழுப்புக்காகத்தான் நான் அங்கே நின்றேன். றசாக்குக்கு நேர் எதிரே இருந்தேன்.

பள்ளித் தலைவர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பிறகு சோற்றைப் பார்த்தார். கை கழுவத் தண்ணீர் வந்தது. பிஸ்மி சொல்லிக் கை வைத்தோம். நெய்ச்சோறு, மாட்டிறைச்சி, கோழிப் பொரியல், கத்தரிக்காய், நடுவில் ஒரு சின்னக் கோப்பையில் தேசிக்காய் ஊறுகாய். நான் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்தேன். நாக்கில் வைத்து எண்ணத் தொடங்கினேன். பதினாறில் காதடி நனைந்தது. லேஞ்சியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். வேர்வை தாடைக்கு இறங்கி நின்று, திரண்டு, எனக்கு முன்னால் இருந்த சோற்றில் விழுந்தது. இரண்டாவது விழுந்தது. மூன்றாவதை மாப்பிள்ளையின் தகப்பன் கண்டார். அவருடைய கை பாதியில் நின்றது.

“என்ன தம்பி, உடம்புக்குச் சரியில்லையா? இப்படி வேர்க்குது?”

மூன்று கிழமையாக நான் காத்திருந்த கேள்வி. இவ்வளவு மரியாதையாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஊறுகாயை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு வாயைத் திறந்தேன்.

“அது நான் அடிச்ச அடி, சம்பந்தி,” என்றான் றசாக்.

சோற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னான். பக்கத்துச் சஹனில் பேச்சு நின்றது.

“வேலிக் கட்டையால அடிச்சனான். நரம்பு அறுந்து போச்சு. அதுக்குப் பிறகு சாப்பிடேக்க அவருக்கு இப்படித்தான். நான் அதப் பொய்ச் சத்தியம் பண்ணினதால வேர்க்குது எண்டு ஊருக்கு முன்னால சொன்னனான். அது என்ட பிழை.”

என்னுடைய வசனம். என்னுடைய கட்டை, என்னுடைய நரம்பு. நரம்பு என்ற சொல் இவனுக்கு எங்கிருந்து வந்தது? பலகாரம் சுடப் போன நசீறா மூன்று கிழமையாக அந்த வீட்டில் என்ன சுட்டாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பெண்கள் பக்கத் திரைக்குப் பின்னால் அவள் இருந்தாள், தெரியவில்லை. எழும்பிப் போய் அவள் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. இவன் கழுத்தையும். என்னிடம் இருந்தது அந்த ஒன்றுதான், அதையும் பறித்துக்கொண்டு நல்லவனாகி உட்கார்ந்திருக்கிறான். றசாக் முதல் தடவையாக நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தான்.

“மச்சான் கண்டதத்தான் சொன்னவர்,” என்றான்.

நான் முசலி ஆள் என்று அவனுக்குத் தெரியும். வேலி இருந்த காலத்தில் நான் இந்தத் தீவின் மண்ணை மிதித்ததில்லை என்று அவனை விட வேறு யாருக்குத் தெரியும்? அவன் கண்ணில் ஏளனம் இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் எனக்குப் பெரிய உதவியாக இருந்திருக்கும். அங்கே ஒரு களைத்த மனிதன் இருந்தான், மகளைக் கட்டிக் கொடுத்த களைப்பு. அதற்குப் பின்னால் வேறு ஏதாவது இருந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை. மௌலவி அல்ஹம்துலில்லாஹ் என்றார். பள்ளித் தலைவர் தொண்டையைச் செருமினார். மாப்பிள்ளையின் தகப்பன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் என்னுடைய ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். ஓம், கண்டதைத்தான் சொன்னேன் என்று சொன்னால் போதும். என் பேர் திரும்ப வந்துவிடும். சாட்சிக் கையெழுத்து, வல்லாஹி, சஹனில் இடம், எல்லாம் வந்துவிடும்.

நான் இன்னொரு துண்டு ஊறுகாயை எடுத்து வாயில் போட்டேன்.

சஹனில் அவரவர் தமக்கு முன்னால் இருக்கிற சோற்றைத்தான் எடுக்க வேண்டும். சின்னப் பிள்ளை கை நீட்டினால்கூட உம்மா அடிப்பாள். றசாக்கின் கை நடுவைத் தாண்டி என் பக்கம் வந்தது. வேர்வை விழுந்து நனைந்த இடத்தில் ஒரு பிடி எடுத்துப் பிசைந்து வாயில் வைத்தான். மென்றான். முகம் சுளிக்கவில்லை. எழும்பு, எழும்பிப் போய்க் கையைக் கழுவு என்று நான் மனசுக்குள் அவனைக் கெஞ்சினேன். அவன் எழும்பவில்லை. என் கன்னம் ஊற்றிக்கொண்டிருந்தது. வாய் நிறைய இருக்கிறவனிடம் ஒருவரும் பதில் கேட்க மாட்டார்கள், அதனால் முதல் இரண்டையும் விழுங்காமலே மூன்றாவது துண்டையும் எடுத்தேன். நாக்கு எரிந்தது. அவன் கை திரும்பவும் வந்தது. மற்ற நாலு பேரும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தார்கள். சொட்டச் சொட்ட அவன் சாப்பிட்டான், எனக்கு முன்னால் சோறு குறைந்துகொண்டே போய், தட்டின் அடியில் வரைந்திருந்த ஒரு நீலப் பூவின் இதழ் வெளியே தெரிந்தது.